பதினோராவது கட்டம்

செய்ததையே திரும்பச் செய்வதென்றால் ஜான்சிக்கு உடம்பு கூசும். ஏழாம் வகுப்பில், ‘இனி வகுப்பில் பேச மாட்டேன்’ என்று நூறு முறை எழுதி வரச் சொன்னார் தமிழாசிரியை. மூன்று பேனாக்களை ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்துக் கட்டி, முப்பத்து நான்கே தடவையில் முடித்துக் கொண்டுபோனாள். ஆசிரியை எண்ணிப் பார்த்தார். நூற்றிரண்டு இருந்தது. “நூறுன்னா நூறு. மிச்சம் ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டார். அந்த இரண்டால்தான் மாட்டிக்கொண்டாள். குறுக்குவழியில் போகிறவர்கள் கணக்கைச் சரிபார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதை அன்றே அவள் கற்றிருக்கலாம். கற்கவில்லை.

பிறந்தது 1999 பிப்ரவரி 20. வீடு சேலையூரில். அப்பா மோகன்ராஜ், அம்மா ஏஞ்சல். வீட்டுக்கு ஒரே பிள்ளை. மோகன்ராஜ் 2008 மார்ச்சில் வண்டி ஓட்ட கத்தாருக்குப் போய், 2010 ஆகஸ்டில்தான் திரும்பினார். இடையில் ஒருமுறைகூட வரவில்லை. 2009 ஜூனில், ஜான்சி ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது, அம்மாவுக்கு மஞ்சள் காமாலை, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அவளைப் பொழிச்சலூரில் சித்தி வீட்டில் விட்டார்கள். சித்தி வீட்டு மொட்டைமாடிக்கு மேலே விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு தாழப் பறக்கும். ஒரு நோட்டில் அவற்றுக்குக் கோடு போட்டு எண்ணிவந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அம்மா வந்து அழைத்துப்போனபோது எண்ணிக்கை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறில் நின்றது. அம்மா இளைத்திருந்தாள். அந்த ஆறு மாதத்தைப் பற்றி ஜான்சிக்கு நினைவிருந்தது அவ்வளவுதான்.

இருபத்தைந்து வயதில் அவள் பெருங்களத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். பிறர் எழுதிய பழைய வலைப்பக்கங்களைச் சுத்தம் செய்வது வேலை. ஒரே வேலையை முப்பது இடத்தில் முப்பது தடவை எழுதி வைத்திருப்பார்கள். அதை ஓரிடத்தில் ஒரே தடவையாக்குவாள். பக்கத்து நாற்காலி விக்கி அவளுக்கு வைத்த பெயர் துடைப்பம். “இவ கைல குடுத்தா நம்ம அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையே ரெண்டு வரியாக்கிடுவா மச்சான்” என்று எதிரில் இருப்பவனிடம் சொல்வான்.

2024 செப்டம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வெளியே வந்தவளைப் பங்கு அலுவலக எழுத்தர் ஜாய்சன் பிடித்துக்கொண்டார்.

“ஜான்சி, நம்ம கல்லறை பெயிண்ட் பேஜ் இருக்குல்ல, அதுல ஃபாதர் இன்னும் நாலு கலர் சேக்கச் சொல்றார். ஏசுபாதம் சார் போனதுக்கப்புறம் அதைத் தொட ஆளே இல்லம்மா.”

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்கு முன்பாக ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையின் புல்லைப் பிடுங்கி, பாசியைச் சுரண்டி, புதிதாக வர்ணம் பூசியாக வேண்டும். துபாயிலும் டொரன்டோவிலும் இருப்பவர்களால் வந்து பூச முடியாது. அவர்களுக்காக 2016இல் இந்தப் பக்கத்தைச் செய்தவர் அப்போதைய எழுத்தர் ஏசுபாதம். ஐம்பத்திரண்டு வயதில் தாமே படித்துச் செய்தது. திரையில் கல்லறைத் தோட்டத்தின் வரைபடம், முந்நூற்றுப் பன்னிரண்டு கல்லறைகள். அதன் கீழே பதினாறு வண்ணக் கட்டங்கள். கல்லறையைத் தொட்டுவிட்டு வண்ணத்தைத் தொட்டால் வரைபடத்தில் அந்தக் கல்லறை அந்த நிறத்துக்கு மாறும். மாறியது பெயின்டரின் பட்டியலில் ஏறும். 2021 ஜூனில் கொரோனாவில் ஏசுபாதம் போய்விட்டார். பக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கோப்பைத் திறந்ததும் ஜான்சிக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு கட்டத்துக்கும் பதினாறு தனித்தனி ஃபங்ஷன். சிவப்பைத் தொட்டால்: கல்லறை எண்ணை எடு, எண் காலியா என்று பார், இல்லையென்றால் சிவப்பைப் பூசு, பட்டியலில் எழுது. நீலத்தைத் தொட்டால்: கல்லறை எண்ணை எடு, எண் காலியா என்று பார், இல்லையென்றால் நீலத்தைப் பூசு. இப்படியே பதினாறு. நிறத்தின் பெயரைத் தவிர வேறு வித்தியாசமில்லை. முதல் நான்கைப் படித்தாள். கடைசி ஒன்றைப் படித்தாள். போதும் என்று தோன்றியது.

அக்டோபர் 6, ஞாயிறு பிற்பகல் வேலையை முடித்தாள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் அதன் நிறத்தை எழுதி ஒட்டினாள். கட்டங்கள் எல்லாவற்றையும் அடக்கிய பெரிய பெட்டிக்கு ஒரே ஒரு காவலைப் போட்டாள். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அந்த ஒரு காவல் எழுந்து, தொட்டது யாரை என்று பார்த்து, அதன் நிறத்தைப் படித்துப் பூசிவிடும். கல்லறை எண் இல்லாமல் தொட்டால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். பதினோரு வரி. இனி நாலு நிறமென்ன, நாற்பது சேர்த்தாலும் அதே பதினோரு வரிதான். சரிபார்ப்பதற்காக, யார் எந்தக் கட்டத்தை எத்தனை மணிக்கு எந்தக் கருவியிலிருந்து தொட்டார்கள் என்று ஒரு பதிவேட்டிலும் விழும்படி செய்தாள்.

பழைய ஃபங்ஷன் ஒவ்வொன்றும் ஒன்பது வரி. பதினாறு ஒன்பது நூற்று நாற்பத்து நான்கு. அவள் அழித்தது நூற்று நாற்பத்தைந்து வரி. அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

“நல்லாத்தானே இருந்துச்சு அந்தப் பேஜு. எதுக்குடி அதுல போய்க் கை வைக்கிறே?” என்றாள் அம்மா, ரசத்துக்குப் புளி கரைத்தபடி.

“நூத்தி நாப்பத்தஞ்சு வரிய பதினொண்ணு ஆக்கிட்டேம்மா.”

“ஆக்கி?”

“அழகா இருக்கும்.”

அம்மா புளிச்சக்கையைப் பிழிந்து எறிந்தாள்.

செவ்வாய் மாலை ஜான்சி வீடு திரும்பியபோது அம்மா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜான்சி கல்லூரிக் காலத்தில் வைத்திருந்தது. மூலையில் விரிசல் விட்டபின், ஜெபக்கூட்டம் பார்க்க அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள்.

“இதுல டச் வேலை செய்ய மாட்டேங்குதுடி. கொஞ்சம் பாரேன்.”

“எண்ணெய்க் கையோட தொட்டா எப்படி வேலை செய்யும்? ஈரத்துணி வச்சுத் தொடம்மா.”

“தொடச்சுட்டேன். தொட்டா ஒண்ணுமே ஆவல.”

“ஞாயித்துக்கிழமை பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

வியாழன் மாலை கம்பெனியில் வேலை ஓய்ந்த நேரத்தில் பதிவேட்டைத் திறந்தாள். துபாய், மஸ்கட், டொரன்டோ என்று ஒழுங்காக வந்த கிளிக்குகளுக்கு நடுவே ஒரு கூட்டம் இருந்தது. நிறம்: இளம்பச்சை. கல்லறை எண்: இல்லை. செவ்வாய் ஏழு, புதன் பதினைந்து, வியாழன் பத்தொன்பது. மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாம் பகல் பன்னிரண்டு பத்துக்கும் பன்னிரண்டு இருபதுக்கும் இடையில். வேறு எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. ஒரு கல்லறையையும் தொடவில்லை. வரிசையில் பதினோராவதாக இருந்த அந்த இளம்பச்சையை மட்டுமே, மறுபடியும் மறுபடியும்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கே பதிவேட்டைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. பன்னிரண்டு பதினொன்றுக்கு முதல் வரி விழுந்தது. இளம்பச்சை, எண் இல்லை. உடனே இரண்டாவது, மூன்றாவது. பிறகு சற்று இடைவெளி. பிறகு ஒன்று.

விக்கி எட்டிப் பார்த்தான். “இன்னாடி, பேய் கிளிக் பண்ணுதா?”

“ஏதாவது சின்னப் பிள்ளை கைல ஃபோன் இருக்கும்.”

“சின்னப் பிள்ளைன்னா எல்லாக் கலரையும் அமுக்கும். இது ஒரே எடத்துல தட்டிக்கினு கீது.”

அவன் சொன்னது சரி. கதவைத் தட்டுகிறவர்கள் முதலில் வேகமாகத் தட்டுவார்கள். பிறகு நிறுத்தி, உள்ளே காலடிச் சத்தம் வருகிறதா என்று கேட்பார்கள். வரவில்லையென்றால் ஒரே ஒரு முறை, மெதுவாகத் தட்டுவார்கள். கிளிக்குகள் அப்படித்தான் விழுந்தன. அந்தப் பக்கம் தட்டுவது யார் என்று தெரியவில்லை. ஆனால் கதவைச் சாத்தியது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆறாம் தேதிவரை இந்தத் தட்டலுக்கு ஏதோ ஒன்று திறந்திருக்கிறது. பன்னிரண்டு பத்தொன்பதுக்குத் தட்டல் நின்றது. அன்றைய கணக்கு இருபத்து மூன்று.

மறுநாள் சனிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். பாதி இடத்தில் சுரண்டல் வேலை முடிந்திருந்தது. பெயின்டர் குப்புராஜ் ஒரு கல்லறை ஓரமாகக் குந்தி, உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். 2012இலிருந்து இங்கே வர்ணம் பூசுபவர்.

“அண்ணா, இளம்பச்சை கேட்டு யாராவது வந்தாங்களா? கல்லறை நம்பர் சொல்லாம?”

குப்புராஜ் தேய்ப்பதை நிறுத்தினார். “நானே கேக்கணும்னு இருந்தேம்மா. இந்த தபா அந்த பச்சை இன்னும் லிஸ்ட்ல வரலியே. வருசா வருசம் மொத வாரத்துலயே வந்துடும்.”

“எந்தப் பச்சை?”

அவர் எழுந்து நடந்தார். கிழக்குச் சுவரோரம், வேப்பமரத்துக்குக் கீழே, இரண்டரை அடி நீளத்தில் ஒரு சிமென்ட் மேடு. பெயர் இல்லை. தலைமாட்டில் 214 என்ற எண் மட்டும். போன வருடத்துப் பச்சை வெளுத்து, பாசியோடு பாசியாகியிருந்தது.

“இது யாரோடது?”

“யாருக்குத் தெரியும்? நா பூசறேன், பன்னெண்டு வருசமா. இன்னா ஏதுன்னு கேக்க ஒரு ஆள் வந்ததில்ல. ஆனா திருநா முடிஞ்சு மறுநா வந்து பாத்தா, இது மேல ஒரு ஜோடி வளையல் இருக்கும். அன்னைக்கு இங்க ஆயிரம் பேரு. எவுங்க வெச்சாங்கன்னு எப்படி பாக்கறது? யாராவது மிதிச்சிட்டா பாவம்னு எடுத்து வெச்சிகினு வர்றேன்.”

கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகையிலிருந்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே காகிதம் விரித்து, பச்சைக் கண்ணாடி வளையல்கள். பன்னிரண்டு ஜோடி. அளவு பார்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தார். நடுவில் இருந்தது மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு ஆகும். அதைச் சுற்றியது கொஞ்சம் பெரிது. அதைச் சுற்றியது இன்னும் கொஞ்சம்.

“பாத்தியா?” என்றார் குப்புராஜ், குரலைத் தாழ்த்தி. “உள்ள குழந்த வளந்துகினே கீதும்மா.”

வேப்பமரத்தில் ஒரு காக்கைகூட இல்லை. ஜான்சி எல்லாவற்றுக்கும் வெளியே இருந்த வளையலை எடுத்துத் தன் கையில் போட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் முட்டியில் வந்து நின்றுவிட்டது. கடையில் ‘ரெண்டு ரெண்டு’ என்று கேட்டு வாங்கும் அளவு. அவளுக்கு அதற்கு அடுத்த அளவு, ‘ரெண்டு நாலு’ வேண்டும்.

அலுவலகத்தில் ஜாய்சன் ஒரு தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அதில் ஐந்து எண்கள். பதினான்கு வருடம் கடந்த கல்லறைக்கு, அந்த ஆண்டுத் திருநாளுக்குள் யாரும் வர்ணம் பூசவில்லையென்றால் ஆளற்றது என்று எழுதி, மண்ணைத் திறந்து வேறொருவருக்குக் கொடுப்பது அந்தப் பங்கின் விதி. இடமில்லாத ஊர். பட்டியலுக்குக் கடைசி நாள் அக்டோபர் 25. ஐந்து எண்களில் நான்காவது 214.

“இது போன வருஷம் வரைக்கும் பூசியிருக்கே அண்ணா.”

“பூசியிருக்கு. ஆனா போன வருஷம்வரை பதினாலு முடியல, கணக்குல வரல. இந்த வருஷம் வந்துடுச்சு, யாரும் கேக்கல. நான் என்ன பண்றது?”

“அடக்கப் பதிவேட்டக் கொஞ்சம் பாக்கலாமா?”

ஏசுபாதத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 2009 டிசம்பர் 11. கல்லறை 214. இறந்தே பிறந்த பெண்குழந்தை. பெற்றோர் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு. மற்றப் பக்கங்களில் ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விட்டதில்லை.

ஜான்சி அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, எடுத்துவைத்திருந்த பழைய நகலைப் பார்த்தாள். இந்தமுறை பதினாறையும் வரி வரியாகப் படித்தாள். முதல் பத்து ஃபங்ஷனும் ஒன்பது வரி. பதினோராவது, இளம்பச்சை, பத்து வரி. கூடுதலாக இருந்த வரி இதுதான்: கல்லறை எண் காலியாக இருந்தால், எண் 214 என்று எடுத்துக்கொள்.

அது பிழையல்ல. கல்லறை எண்ணையோ தன் பெயரையோ எங்கும் சொல்ல முடியாத ஒருவருக்காக ஏசுபாதம் விட்டுவைத்த கதவு. பச்சையை மட்டும் தொட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் யாரிடமோ சொல்லியிருக்கிறார். செத்துப்போய் மூன்று வருடம் ஆகியும் அவர் சொன்ன சொல் நின்றுகொண்டிருந்தது. அதை ஜான்சி அழகுக்காகத் துடைத்துவிட்டாள்.

தட்டுவது யார்? பதிவேட்டில் கருவிக்கு ஒரு பத்தி இருந்தது. தன்னுடைய சோதனைக் கிளிக்குகளோடு கலந்துவிட்டது என்று நினைத்து அதை அவள் பார்க்காமலே விட்டிருந்தாள். இப்போது பார்த்தாள். அறுபத்து நான்கு தட்டலும் ஒரே கருவி. பழைய டேப்லெட். அந்த மாடல் எண்ணை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். வந்த இணைப்பின் எண்ணும் அவள் ஞாயிறன்று சோதித்த அதே இணைப்பின் எண். அவள் வீடு.

ஜாய்சன் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறப்பதுபோல் இருந்தது. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. மஞ்சள் காமாலை. ஒட்டிக்கொள்ளும்.

“இந்த 214ஐ இப்பவே நான் போட்டுடவா?” என்று கேட்டிருக்கலாம். பெயர் கேட்பார்கள். தன் பெயரையே கொடுக்கலாம். அப்படிச் செய்தால் கல்லறை பிழைக்கும். ஆனால் அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கதவு திறந்தது தெரியாது. திங்கள் பகலிலும் தட்டுவார். செவ்வாயும் தட்டுவார். அவர் தொட்டு, அவர் கண்ணெதிரே அது பச்சையாக வேண்டும்.

பதினோரு வரியில் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஒரு வரியைச் சேர்த்தாள். பன்னிரண்டாயிற்று.

“முடிஞ்சுதாம்மா?” என்றார் ஜாய்சன்.

“ஒரு வரி விட்டுப்போச்சு அண்ணா. போட்டுட்டேன். அந்தத் தாளை இருபத்தஞ்சுக்கு அப்புறம் டைப் பண்ணுங்க.”

சனிக்கிழமையைப் போலவே ஞாயிற்றுக்கிழமையும் மோகன்ராஜ் நாள் முழுக்க வீட்டில் இருந்தார். பதிவேட்டில் இளம்பச்சை ஒன்றுகூட விழவில்லை. அவர் கூடத்தில் காலை நீட்டி டிவி பார்க்க, அம்மா கீரை ஆய்ந்தாள். டேப்லெட் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. ‘ஞாயித்துக்கிழமை பாக்கறேன்’ என்று சொன்னதை ஜான்சி நினைவுபடுத்தவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தூறல். மோகன்ராஜ் ஆறு மணிக்கே கம்பெனி பஸ் எடுக்கப் போய்விட்டார். ஜான்சி தலைவலி என்று சொல்லி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக விக்கிக்குச் செய்தி அனுப்பினாள். தன் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு பதிவேட்டைத் திறந்து வைத்தாள். பன்னிரண்டு அடித்தது. அடுக்களையில் குக்கர் இறங்கியது. பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நடுப்பகலில் ஒரு வீடு அவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

பன்னிரண்டு பதினொன்று. பன்னிரண்டு பன்னிரண்டு. எதுவும் இல்லை. ஒருவேளை அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டாளோ? பதிவேட்டைப் புதுப்பித்துப் பார்த்தாள்.

பன்னிரண்டு பதினான்குக்கு ஒரு வரி விழுந்தது.

இளம்பச்சை. 214.

இரண்டாவது வரிக்காக அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. பன்னிரண்டு இருபதாயிற்று. வரவில்லை. அடுக்களையில் குழாய் திறந்தது. யாரோ முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பிறகு அம்மா கதவருகே வந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“டச் சரியாயிடுச்சுடி.”

“தொடச்சியாம்மா?”

“ம்.”

அம்மா போகவில்லை. நிலையில் ஏதோ அழுக்கு இருப்பதுபோல் நகத்தால் சுரண்டினாள்.

“சாயங்காலம் மழ விட்டா சண்முகம் ரோடு கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வரணும். ஏன்டி, பதினஞ்சு வயசுல உனக்கு என்ன சைஸ் வளையல் வாங்குனோம்? ஞாபகம் இருக்கா?”

ஜான்சி மடிக்கணினியை மூடினாள்.

“ரெண்டு நாலும்மா” என்றாள். “இரு, நானும் வரேன்.”